துக்க விடுமுறை

சொந்தக்காரப் பெண் ஒருத்தி செண்பகவல்லியின் கொண்டையில் பிச்சிப்பூவைச் சுற்றிவிட்டு ஊசி தேடிக்கொண்டிருந்தபோதுதான் தளவாய் உள்ளே வந்து ஆஸ்பத்திரிச் செய்தியைச் சொன்னான்.

கூடத்தில் அவள் புருஷன் நயினார் பிள்ளை கிடந்தார். விடியற்காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். இருந்த காலத்தில் கொடுத்த தொந்தரவுக்கு அது ஈடாகுமா என்று செண்பகவல்லியிடம்தான் கேட்க வேண்டும். புருஷன் உடம்பு வீட்டில் இருக்கும்போதே பெண்டாட்டிக்குக் கடைசியாக ஒரு தடவை பூவும் பொட்டும் வைத்து, எடுத்துக்கொண்டு போனதும் எல்லாவற்றையும் களைந்துவிடுவது அவர்கள் வழக்கம். பிடுங்குவதற்கென்று ஒரு அலங்காரமா என்று அவள் எத்தனையோ சாவு வீடுகளில் முணுமுணுத்திருக்கிறாள். இன்றைக்குத் தன் முறை வந்தபோது மறுக்கத் தெம்பில்லாமல் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

தளவாய் நயினாரின் தம்பி. கரமனையில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். துக்கத்திலும் அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"மைனி, அண்ணனுக்குக் கெடச்ச மரியாதையைப் பாத்தியளா? ஆஸ்பத்திரிய இன்னைக்கு முழுசா அடைச்சாச்சு. கேட்டுல கறுப்புத்துணி கெட்டிருக்கு. பேப்பருக்கெல்லாம் ஆள் போயிருக்காம்."

சுற்றியிருந்த பெண்கள் அதைக் கேட்டு இன்னொரு பாட்டம் அழுதார்கள். செண்பகவல்லி அழவில்லை. இன்றைக்கு வியாழக்கிழமைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றான் தளவாய். ரெண்டாவது வியாழன்தானே என்று மறுபடி கேட்டாள். பாவம், புத்தி தடுமாறிவிட்டது என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதைக் கடித்தாள்.

அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. நாகர்கோவிலிலிருந்து டாக்டர் யோசுவா மாதத்தில் ஒரு நாள் வந்து கண்ணில் புரை எடுக்கிற நாள் இது. நேற்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போதுகூட நயினார் அதைத்தான் பேசினார். போனக்காடு எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருக்கிறார்கள், காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்றார்.

அவள் எழுந்தாள். ஊசி குத்தாத பூ முதுகில் தொங்கியது. சாமிப் படத்துக்குக் கீழே ஆணியில் கிடந்த ஆஸ்பத்திரிச் சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கூடத்தில் கிடந்தவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "எங்க போறிய?" என்று தளவாய் குறுக்கே வந்தான். உங்க அண்ணன் ஆபீசுக்கு என்று சொல்லிவிட்டுச் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாள்.

பிணம் வீட்டில் கிடக்க, பெண்டாட்டிக்காரி நெற்றி நிறையக் குங்குமமும் தலை நிறையப் பூவுமாகத் தெருவில் போவதை வலியசாலைத் தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் நடக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

கிள்ளிப்பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆற்றோரமாக இருந்தது உலகம்மாள் தர்மக் கண்ணாஸ்பத்திரி. அது முதலில் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கி. சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி ஒருவர், கண் தெரியாமல் செத்த தன் தாயாரின் பேரில் அதை ஆஸ்பத்திரி ஆக்கினார். கிட்டங்கியில் கணக்கெழுத வந்த நயினாரை அங்கேயே ஆபீசுக்கு வைத்துக்கொண்டார். டாக்டரைத் தேடி அலைந்தது, நோயாளிகளின் கஞ்சிக்குக் கடை கடையாகப் பிடியரிசி வாங்கியது, சர்க்கார் ஆபீஸ் படியேறித் திட்டு வாங்கியது எல்லாம் நயினார்தான். தர்ம ஆஸ்பத்திரி என்றால் தர்மத்துக்கு நடக்கும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அது நயினாரின் தொண்டைத் தண்ணீர் வற்ற வற்ற நடந்தது.

அவர் வைத்த ஒரே சட்டம், ஆபரேஷன் நாளில் வாசலை அடைக்கக் கூடாது. காட்டிலும் மலையிலும் இருந்து வருகிறவன் ஒரு தடவை திரும்பிப் போனால் அடுத்த தடவை வரமாட்டான், குருடாகவே இருந்துவிடுவான் என்பார். அந்தச் சட்டத்தை அவர் யாருக்காகவும் வளைக்கவில்லை. ஆஸ்பத்திரி கட்டிய வியாபாரியே ஒரு ஆபரேஷன் நாளில் போய்ச்சேர்ந்தார். அன்றைக்கும் நயினார் திறந்தார். பெரியவர் வீட்டார் அதை மறக்கவேயில்லை.

அதற்கு முன்னால் இன்னொரு நாள் உண்டு. அதைச் செண்பகவல்லி மறக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம், அவர்களுடைய ஒரே பிள்ளையான குத்தாலம் மஞ்சள்காமாலையில் போனான். ஆறு வயது. விடிந்தால் ஆபரேஷன். மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, நயினார் முகத்தைக் கழுவிக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய், ஆஸ்பத்திரியைத் திறந்துவிட்டு வந்துதான் பிள்ளையை அடக்கத்துக்குத் தூக்கினார். அவள் அன்றைக்கு அவரைக் கேட்காத கேள்வியில்லை. நீ மனுஷனா என்று கேட்டாள். அதன் பிறகு வெகுகாலம் பேசவேயில்லை. சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள். பேச ஆரம்பித்த பிறகும் ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அந்தக் கட்டடம் இடிந்து விழ வேண்டும் என்று அவள் மனதார வேண்டிக்கொண்ட நாட்களும் உண்டு. அந்த வாசலுக்குத்தான் இப்போது ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்தில், மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ராத்திரி வராந்தாவில் படுத்திருந்தவர்களைக் காலையில் எழுப்பி வெளியே அனுப்பியிருந்தார்கள். ஆபரேஷனுக்காக எல்லோருக்கும் இமைமுடி வெட்டியிருந்தது. அதனால் முகங்களெல்லாம் ஒன்றுபோலத் திகைத்துக் கிடந்தன. தேயிலை கிள்ளிக் கறுத்த விரல்களால் ஒரு கிழவி முன்னால் இருந்தவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பஸ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி டாக்டர் யோசுவாவின் கார் ஊர் திரும்பத் தயாராக நின்றது.

கேட்டுக்குள்ளே வன்னியராஜ் நின்றார். ஆஸ்பத்திரி கட்டியவரின் மகன், இப்போது கமிட்டிக்குத் தலைவர். வெள்ளை வேட்டி, கறுப்புப் பட்டை. நயினாரின் படத்தை எங்கே வைப்பது என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் பதறிப்போனார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் கண்ணிலும் அழுத சிவப்பு இருந்தது.

கம்பிக்கு அந்தப்பக்கமிருந்தே மெதுவாகப் பேசினார். சாயங்காலம் இரங்கல் கூட்டம், மந்திரி வருவதாகச் சொல்லியிருக்கிறார், எடுத்துக்கொண்டு போகும்போது இங்கே இறக்கி மாலை போட ஏற்பாடு என்றார். ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், நோயாளிகளை அடுத்த மாசம் வரச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.

"தொறங்கோ" என்றாள் செண்பகவல்லி.

"அக்கா, நீங்க இந்த நேரத்துல இங்க வரப்பிடாது. வீட்டுக்குப் போங்கோ."

"தொறங்கோன்னு சொன்னேன்."

வன்னியராஜின் முகம் மாறியது. பல வருஷமாக உள்ளே வைத்திருந்தது வெளியே வந்தது. "எங்கப்பா செத்த அன்னைக்கு ஒங்க வீட்டுக்காரரு இந்த வாசல அடைக்கல்ல. கெட்டின மனுஷனுக்கு ஒரு நாள் லீவு இல்லேன்னுட்டாரு. நாங்க அதப் பொறுத்தோம். நான் அவருக்கு அடைச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன மரியாதை வேணும் ஒங்களுக்கு?"

டாக்டர் காரிலிருந்து இறங்கி நின்றார். செண்பகவல்லியின் குரல் தெளிவாக வந்தது.

"எம்பிள்ளைக்கு இந்த வாசல அடைக்கல்ல. மடியில பிள்ளையப் போட்டுட்டு நான் இருந்தேன், அவனப் பெத்த இவ்வோ வந்து தொறந்தாவ. எம்பிள்ளைக்கு இல்லாத லீவு இவ்வோளுக்கு என்னத்துக்கு? இன்னைக்கு நீங்க அடைச்சியள்னா, அன்னைக்கு இவ்வோ தொறந்தது அக்கிரமம்னு ஆயிரும். பதினாலு வருஷமா அது அக்கிரமம்னு நாந்தான் சொல்லிட்டிருந்தேன். நான் சொல்லலாம். வேற ஒருத்தரும் சொல்லப்பிடாது."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். எந்தச் சாவி என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கொத்து ஒரு தடவை கீழே விழுந்தது. கேட்டுக்காவல்காரர் ஒரு மலையாளி. தலைவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கம்பிக்கு இடையே கையை நீட்டி, "அது அல்ல அம்மே, சின்னது" என்றார். சின்னதைப் போட்டதும் பூட்டு விட்டுக்கொடுத்தது.

அவள் கதவைத் தள்ளிவிட்டு, கட்டியிருந்த கறுப்புத்துணியையும் பிடித்து இழுத்தாள். முடிச்சு இறுகிக் கிடந்ததால் அது வரவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுத் திரும்பி, ரோட்டோரத்தில் இருந்தவர்களைப் பார்த்து உள்ளே வாருங்கள் என்றாள். முதலில் யாரும் அசையவில்லை. ஒரு வாசலிலிருந்து காலையிலேயே ஒரு தடவை விரட்டப்பட்டவர்கள் அப்படித்தான் இருப்பார்கள். தேயிலைக் கிழவிதான் முதலில் எழுந்தாள்.

டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில், ஆள் இல்லையே என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அட்டெண்டர்கள் எல்லோரும் வீடு போயாகிவிட்டது. நர்ஸ் தங்கபாயின் வீடு பக்கத்துக் கிறிஸ்தவக் குடியிருப்பிலேயே இருந்ததால் அவள் அவசரப்பட்டுப் போகாமல் இருந்தாள். அவளோடு இன்னும் ஒருத்தி. புரை எடுத்தவர்களை மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தும்மினாலும் தலையைத் திருப்பினாலும் தையல் போய்விடும், கண் போய்விடும். தங்கபாய் கையைப் பிசைந்தாள்.

"நான் இருக்கேன். என்ன செய்யணும்னு சொல்லு" என்றாள் செண்பகவல்லி.

தங்கபாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பூவையும் குங்குமத்தையும் வெறுங்காலையும் பார்த்தாள். பிறகு கை கழுவுகிற இடத்தைக் காட்டினாள்.

தளவாய் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். முதல் தடவை கெஞ்சினான். இரண்டாம் தடவை கத்தினான். ஜாதி சனம் எல்லாம் வந்தாச்சு, கோடிச்சேலை வந்தாச்சு, செய்ய வேண்டிய சடங்கெல்லாம் கிடக்கிறது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள் என்றான். பேசட்டும் என்றாள். சுடுகாட்டுக்கு இந்த வழியாகத்தானே போக வேண்டும், வாசலில் இறக்குங்கள், வாய்க்கரிசி அங்கே வைத்துப் போடுகிறேன், மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம் என்றாள். "நீங்க இப்பிடிச் செய்வியள்னு நெனைக்கல்ல மைனி" என்றான் அவன். அவளும்தான் நினைக்கவில்லை.

வெயில் சாய ஆரம்பித்தபோது சங்குச் சத்தம் கேட்டது.

வார்டில் தேயிலைக் கிழவியின் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். கிழவியின் பேர் ஆவுடைத்தாய். அவளுக்கு ஏனோ மணல் பையைப் பிடிக்கவில்லை. அது இருந்தால் குழிக்குள் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்று தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். கடைசியில் பையை எடுத்துவிட்டுச் செண்பகவல்லி தன் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். அதற்குப் பிறகு கிழவி அடங்கினாள். பேச்சு மட்டும் அடங்கவில்லை. மலையில் அட்டை கடிப்பதைப் பற்றியும், மருமகளைப் பற்றியும், கண் வந்ததும் பேரப்பிள்ளைக்குத் தலை சீவிவிடப்போவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சங்கு வாசலுக்கு வந்து நின்றது. தங்கபாய் ஓடிவந்து, நான் பிடித்துக்கொள்கிறேன், போங்க அம்மா என்றாள். கை மாறியது.

வாசலில் பாடையை இறக்கியிருந்தார்கள். வன்னியராஜ் மாலையோடு நின்றார். உள்ளேயிருந்து யாரும் வேலையை விட்டுவிட்டு வெளியே வரவில்லை. வரக்கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். அவள் குனிந்து அரிசியைப் போட்டாள். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் மனதில் அவர்மேல் கோபம் அப்படியே இருந்தது, ஒரு குந்துமணிகூடக் குறையவில்லை. அதோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. அதை இத்தனை வருஷமும் அவரிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லியும் பயனில்லை.

தூக்குங்கள் என்று தளவாய் சொன்னான். காவல்காரர் மரியாதைக்காகக் கதவைச் சாத்தப் போனார். அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கையை எடுத்துவிட்டார்.

அவள் கை கழுவிவிட்டு வார்டுக்குள் வந்து தங்கபாயை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். சங்கும் சேகண்டியும் ஆற்றோரமாக நகர்ந்துகொண்டிருந்தன. கட்டுப்போட்ட இரண்டு கண்களும் மேலே பார்த்திருக்க, ஆவுடைத்தாய் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கிடந்தாள்.

"எங்க தாயி போன? யாரு சாவு அது? சங்குச் சத்தம் இவ்வளவு பெரிசாக் கேக்குது. பெரிய ஆளா?"

கிழவி சத்தம் போகிற பக்கமாக முகத்தைத் திருப்பப் பார்த்தாள். செண்பகவல்லி இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தலையை அழுத்திப் பிடித்தாள்.

"தலைய ஆட்டாதீங்க" என்றாள்.