‘அவள்’ ‘நான்’ ஆனபோது

நாவலில் ‘அவள்’ என்று இருந்த இடத்தையெல்லாம் ‘நான்’ என்று மாற்றச் சொன்னது பதிப்பாசிரியர்தான். புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு, வெளியே சிரித்துக்கொண்டு வாழும் ஒருத்தியின் கதை அது. அச்சுக்கு முன் படிக்கக் கொடுத்த வாசகர்களில் பெரும்பாலோர் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: “நல்லாத்தான் இருக்கு. ஆனா எட்ட நின்னு பாக்கிற மாதிரி இருக்கு.”

பிழை திருத்தும் அம்மாள் மட்டும், “எனக்கு ‘அவள்’தான் சார் பிடிக்கும். ‘நான்’னு ஆரம்பிச்சா யாரோ கையைப் பிடிச்சிக்கிட்டு, நம்பு நம்புன்னு சொல்ற மாதிரி இருக்கும்” என்றார். பதிப்பாசிரியர் சிரித்து மழுப்பிவிட்டார்.

எழுதிய பெண் முதலில் தயங்கி, பிறகு ஒத்துக்கொண்டாள். புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது.

அவள் கணவர் பெண்களுக்கு உடை தைப்பவர். அதட்டிப் பேசவே தெரியாத மனிதர். ஒருநாள் விற்பனைப் பிரிவுக்காரர் பேச்சுவாக்கில், “அந்தம்மா வீட்டுக்காரர் கடையில இப்ப ஈ ஓட்டுறாங்களாம் சார். புத்தகத்தைப் படிச்சிட்டு, அளவு கொடுக்கக் கிட்ட நிக்கவே பொம்பளைங்க பயப்படறாங்களாம்” என்றார்.

பதிப்பாசிரியருக்கு நெஞ்சில் முள் தைத்தது. அன்றே கடைக்குப் போனார். ஒரு தையல் இயந்திரத்துக்கு உறை போட்டிருந்தது. இன்னொன்றில் தையற்காரர் பழைய திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். மனைவி பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“தப்பு என்னுதும்மா. அடுத்த பதிப்புல ‘அவள்’னே மாத்திடறேன். இது கற்பனைன்னு முன்னுரையும் போட்டுடலாம்.”

“வேண்டாம் சார்.” அவள் தலை நிமிரவில்லை. “கற்பனை இல்ல. எங்கக்கா கதை. அவ இன்னும் அந்த வீட்டுலதான் இருக்கா. முதல்ல எழுதறப்ப எனக்கு இது தோணல; ‘அவள்’னு போட்டா, எந்த அவள்னு தேடுவாங்க. தேடினா அவ வாசல்லதான் போய் நிப்பாங்க. அதுக்கப்புறம் அவ உயிரோட இருப்பாளா?”

“அப்ப உங்க வீட்டுக்காரர்?”

தையற்காரர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இவ என்னைக் கேட்டுட்டுத்தான் சார் மாத்தினா. விடுங்க, நாலு பேர் நாலு விதமாப் பேசிட்டுப் போறாங்க.”

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பதிப்பாசிரியருக்கு.

வீட்டுக்கு வந்ததும் தன் மனைவியிடம், “புதுத் துணி எடுத்து வச்சிருக்கியே, அந்தத் தையற்காரர்கிட்டயே கொடேன்” என்றார்.

“யாருகிட்ட? அந்தப் பாவிகிட்டயா? நீங்க போட்ட புத்தகம்தானே, நீங்களே படிக்கலையா?”

“அது கதைதானேம்மா.”

“கதையாம் கதை! ‘நான்’ ‘நான்’னு அந்தப் பொண்ணு கதறியிருக்கா. படிச்சிட்டு நான் தூங்கவே இல்ல.”

அக்காவின் விஷயம் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

மறுநாள் அந்தத் துணியையும் அளவுக்கு ஒரு பழைய உடையையும் அவரே கடைக்கு எடுத்துப் போனார். தையற்காரர் விரித்துப் பார்த்தார். “அம்மா வந்திருந்தா கச்சிதமா எடுத்திருக்கலாம். வரலையா சார்?”

“கொஞ்சம் வேலை” என்றார் பதிப்பாசிரியர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

“பரவால்ல சார்” என்று சொல்லிவிட்டு, தையற்காரர் பழைய உடையின் தோள்பட்டை மீது அளவுநாடாவை வைத்தார்.