தேக்கா சந்தையில் ஒரு நீண்ட வணக்கம்

ஜப்பான்காரர்கள் சிங்கப்பூருக்கு சியோனான் என்று பெயர் மாற்றியிருந்த காலம். சூசைநாதனுக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை. சிராங்கூன் ரோட்டில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. வாயில் சிகரெட் இல்லாமல் அவரைப் பார்த்தவர்களும் கிடையாது. வெள்ளைக்காரன் போனதும் டின் சிகரெட் போய் ஓலைச் சுருட்டு வந்தது. அதில் பாதி பப்பாளி இலை என்றார்கள். அதையும் அவர் விடவில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷம் தேக்கா சந்தைக்குப் பக்கத்துத் திடலில், ஜப்பான்காரர்களோடு சேர்ந்து டில்லியைப் பிடிக்கப் போகிற படைக்கு நிதி திரட்ட, இந்திய விடுதலைச் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடந்தது. வட்டாரத் தலைவர் மருதப்பன் ஜவுளிக்கடைக்காரர். கடையில் விற்க ஜவுளி இல்லாததால் முழு நேரத்தையும் தேசத்துக்குக் கொடுத்திருந்தார். பெண்கள் மேடை ஏறி வளையல்களைக் கழற்றித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். சூசைநாதனும் மனைவி பிரிஜட்டும் முன்வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். மருதப்பனின் பார்வை வரிசையாக வந்து பிரிஜட்டின் கழுத்துச் சங்கிலியில் நின்றது. சூசைநாதன் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே எழுந்துவிட்டார்.

“டில்லியில நம்ம கொடி ஏறுற வரைக்கும் நான் சிகரெட்டு, சுருட்டு எதையும் தொடமாட்டேன்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மருதப்பன் மேடையிலிருந்து இறங்கி வந்து கட்டிக்கொண்டார். சங்கிலி தப்பியது. வீடு போகும் வழியில் பிரிஜட், சங்கிலியையே கொடுத்திருக்கலாம் என்றாள். அவள் சொன்னது சூசைநாதனுக்கு மறுநாள் காலை காப்பி குடித்த பிறகுதான் புரிந்தது.

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. தலை கனத்தது. யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது. கிராம்பைக் கடித்தார், பட்டையைச் சப்பினார், ஈர்க்குச்சியை உதட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார். மீட்டரில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு வேறு எண்ணை எழுதினார். மரவள்ளிக்கிழங்கில் உப்பு இல்லை என்று பிரிஜட்டிடம் கத்தினார். ஊரிலேயே உப்பு இல்லை என்று அவள் அமைதியாகச் சொன்னாள்.

திருட்டுத்தனமாக ஒன்று பிடிக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அவர் போன வீட்டிலெல்லாம் அவருடைய தியாகத்துக்குக் காவல் இருந்தது. நேற்று வரை சுருட்டு நீட்டியவர்கள் அவர் வந்ததும் அணைத்து ஒளித்தார்கள். சந்தை வாசல் காப்பிக்கடை ரத்தினம்மா அவரை வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி கொடுத்தாள். படை எந்த ஊர் வரைக்கும் போயிருக்கிறது, டில்லிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று அவர் கேட்காத ஆள் இல்லை. இந்த வட்டாரத்தில் சூசைநாதன் அளவுக்கு நாட்டுப்பற்று யாருக்கும் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பொறுக்க முடியாமல் மாதா கோயில் சாமியாரிடம் போய், சபதத்திலிருந்து விடுதலை கேட்டார். ஆண்டவர் பேரில் செய்த சபதமானால் தன்னால் ஏதாவது செய்ய முடியும், இது சங்கத்தின் சொத்து என்றார் சாமியார். மருதப்பனிடம் போனார். தேசத்துக்குக் கொடுத்ததைத் திருப்பித் தர சங்கத்துக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமானால் ஆண்டவரிடம் கேட்டுப் பாருங்கள் என்றார் மருதப்பன்.

தேக்கா சந்தை வாசலில் ஒரு ஜப்பானியச் சிப்பாய் காவல் நிற்பான். கடந்து போகிறவர்கள் நின்று, குனிந்து வணக்கம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அறை விழும். அந்தச் சிப்பாய் ஓயாமல் புகைப்பவன், அதுவும் அசல் சிகரெட். ஒரு நாள் சூசைநாதன் குனிந்தபோது காற்று அவர் பக்கம் அடித்தது. அவர் நிமிரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார், இன்னொரு தரம் இழுத்தார். அன்றிலிருந்து வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சந்தை வழியாகத்தான் போனார், வந்தார்.

இவ்வளவு மரியாதையை அந்தச் சிப்பாய் இந்த ஊரில் கண்டதில்லை. ஒரு காலையில், சந்தை நிறையக் கூட்டம் இருக்கும்போது, அவன் சிரித்துக்கொண்டே சிகரெட் ஒன்றை எடுத்து சூசைநாதனிடம் நீட்டினான்.

கறி வெட்டுகிறவன் கத்தியை நிறுத்தினான். ரத்தினம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். வாங்கினால் சபதம் போய்விடும், வாங்காவிட்டால் பல் போய்விடும். சூசைநாதன் வருத்தமான முகத்தை வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார். சிப்பாயே பற்றவைத்தான். முதல் இழுப்பில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“பாவம், அழுவுறாரு,” என்றாள் ரத்தினம்மா.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. சபதம் முறிந்தது என்றால் முறித்தவன் நட்பு நாடான ஜப்பானின் சிப்பாய் என்று ஆகிவிடும். அதை யார் வாயால் சொல்வது? கடைசியில் மருதப்பன் எழுந்து, சூசைநாதன் பிடித்தது சிகரெட் அல்ல, இரண்டு நாடுகளின் நட்பு என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லாரும் நிம்மதியாகக் கைதட்டினார்கள்.

சூசைநாதனுக்கு வழி திறந்துவிட்டது. நட்பை வளர்க்க மறுநாள் விடிந்ததுமே சந்தை வாசலுக்குப் போனார். அங்கே வேறு சிப்பாய் நின்றான். சின்ன வயசு, கடுகடுத்த முகம், கையில் சிகரெட் இல்லை. சூசைநாதன் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல் குனிந்து, மூக்கை மட்டும் தூக்கி, கண்ணை மூடி, பலமாக உறிஞ்சினார். தன் உடம்பு நாற்றத்தை மோந்து பார்த்து ஒருவன் கேலி செய்கிறான் என்று அந்தச் சிப்பாய் நினைத்திருக்க வேண்டும். அறைந்த அறையில் சூசைநாதன் மீன் கூடைகளுக்கு நடுவே போய் விழுந்தார்.

பிரிஜட் உப்பில்லாத வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது மருதப்பன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மீன் தண்ணியில வழுக்கி விழுந்துட்டீங்கன்னு சங்கத்துல சொல்லியிருக்கேன். யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க.”

சூசைநாதனால் வாயைத் திறக்க முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். மருதப்பன் போனதும் பிரிஜட் கதவைச் சாத்தினாள்.

“இவ்வளவு நேரமும் சட்டைப் பைக்குக் கை போகவே இல்ல, பாத்தீங்களா?”

உண்மைதான். கன்னம் வீங்கியிருந்த நாட்களில், சிகரெட் நினைப்பு வருமுன் வலி வந்தது. வீக்கம் வடிந்த பிறகும் அந்த வரிசை மாறவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்து தேக்காவில் டின் டின்னாக சிகரெட் விற்றபோது அவர் ஒன்றை வாங்கி உதட்டில் வைத்துப் பார்த்தார். இடது கன்னம் விண்ணென்றது. எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மீட்டர் பார்க்கப் போய்விட்டார்.