ரசீது இல்லாத துப்பாக்கி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காரை அப்புறம் எடுக்கலாம். உங்களுக்கென்றே வைத்திருந்த கதை ஒன்று இருக்கிறது.

நியூ ஜெர்சியில் குமாரசாமி போலீஸில் ஒப்படைத்த துப்பாக்கி, தொண்ணூற்றொன்று நவம்பரில் ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள், தானாக அவர் வீட்டுக் கராஜுக்குத் திரும்பி வந்தது. வியாழக்கிழமை, லேசான தூறல், குழல் நனைந்திருந்தது.

ஞாயிறுதோறும் கிளப்பில் காகித வட்டத்தைச் சுட வாங்கிய துப்பாக்கி அது. பதினேழு தோட்டா கொள்ளும். பதினைந்துக்கு மேல் கொள்வதை வைத்திருக்கக் கூடாது, ஒரு வருடம் தவணை என்று சட்டம் வந்தது. அவர் பிறந்த கோபிச்செட்டிபாளையத்தில் தேர்தல் வந்தால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்குவார்கள். முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப எடுத்து வருவார்கள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். எண்ணெய் போட்டுத் துடைத்தார், நம்பரை இரண்டு நோட்டில் எழுதினார், பில்லை நகலெடுத்தார். எல்லாம் செய்தவருக்கு ரசீது மட்டும் தரவில்லை. கேட்டதற்குச் சிரித்தார்களாம்.

"அப்பா, தே ஆர் நாட் கிவிங் இட் பேக்," என்றாள் மகள் தென்றல்.

"எலக்‌ஷன் முடியட்டும் பாப்பா, குடுப்பாங்க," என்றார்.

கொடுக்கவில்லை, அதுவே வந்தது. மனைவி கலாவதி கராஜிலிருந்து கூப்பிட்டாள்: "ஏனுங்க, உங்க விருந்தாளி வந்துருச்சுங்க. கிரீன் கார்டு போச்சுன்னா நம்ம எல்லாத்தையும் பிளேன் ஏத்திருவான், பாத்துக்கங்க."

அதே பயத்தில் அன்றே திரும்பக் கொண்டுபோனார். நீங்கள் முதலில் கொடுத்ததாகப் பதிவே இல்லை என்றார்கள். எப்படிப்பட்ட நியாயம், சொல்லுங்கள். கொடுத்ததற்குச் சாட்சி கிடையாது, வைத்திருந்தால் மட்டும் குற்றம். இந்தத் தடவையும் வாங்கிக்கொண்டார்கள், ரசீது இல்லை. தொண்ணூற்று மூன்று, ஐந்து, ஏழு என ஒவ்வொரு மாநிலத் தேர்தலுக்குப் பின்னும் அது வந்தது, அவர் கொண்டுபோனார்.

பிறகு வேலை மாறி வேறு மாநிலத்துக்கு, ஃப்ரீமான்ட்டுக்குப் போனார்கள். துப்பாக்கியும் பின்னாலேயே போனது. அங்கேயும் சட்டம் மாறியது. இரண்டாயிரத்தில், யாரும் கேட்குமுன்னே கொண்டுபோய் நின்றார். உங்களுடையது பட்டியலிலேயே இல்லை என்றார்கள்.

"அதை எழுதிக் குடுங்க. ஒரே நாடுங்கறீங்க, ஸ்டேட்டுக்கு ஒரு சட்டம் போடறீங்க, ஒரு துண்டுச் சீட்டு குடுக்க முடியாதா?"

எழுதித் தரவில்லை. கோபத்தில் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அந்த வருடம் ஜனாதிபதித் தேர்தலில் ஃப்ளோரிடாவில் ஓட்டெண்ணி முடிய டிசம்பரானதால், துப்பாக்கியும் டிசம்பரில்தான் வந்தது.

அடுத்த வருடம் பிளானோ. டெக்சாஸில் அதைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நவம்பர் தேர்தலுக்கு முன் ஸ்டேஷனுக்குப் போனார். வயதான அதிகாரி ஒருவர் பத்து வருடக் கதையையும் கேட்டார். சிரிக்கவில்லை. வெள்ளைத்தாளில் எழுதினார்: துப்பாக்கி ஒன்று, இன்ன நம்பர், தேர்தல் முடிந்ததும் திருப்பித் தரப்படும். தேதி, கையெழுத்து.

ஓட்டு எண்ணி முடிந்தது. கலாவதி கராஜைக் கூட்டி வைத்தாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம், துப்பாக்கி வரவில்லை. "இவனுகளும் ஏமாத்திட்டானுக," என்று கொதித்தார் குமாரசாமி.

"ஏமாத்தலைங்க. இந்தத் தடவ ரசீது இருக்குதில்ல? அதென்னத்துக்கு நடந்து வரும்? நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

போனார், தாளைக் காட்டினார், வாங்கி வந்தார். அதன் பிறகு அது தானாக எங்கும் போனதில்லை.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, கேட்ட காகிதம் கேட்ட நேரத்தில் கிடைக்கட்டும். கொடுத்ததெல்லாம் கையெழுத்தோடு திரும்பி வரட்டும். யாரும் யாரையும் பிளேன் ஏற்றாமல், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் நன்றாக இருங்கள்.