ஃபேன் பெல்ட்டும் சம்பந்தியும்

சுப்பிரமணியின் கார் கிளம்புவது மானாம்பதியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து பன்றி கத்துவது போல ஒரு சத்தம் வரும். பெல்ட் நழுவுகிறது, மாற்றித் தொலையுங்கள் என்று மனைவி ஜெயமணிகூடச் சொல்லிப் பார்த்துவிட்டாள். மனுஷன் கேட்டால்தானே? அவர் பம்புசெட்டோடும் ரைஸ் மில்லோடும் வளர்ந்தவர். அங்கே பெல்ட் நழுவினால் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவுவார்கள், பிடித்துக்கொள்ளும். அதே வைத்தியத்தைக் காருக்கும் செய்தார். சத்தம் கொஞ்சம் அடங்கும். அப்புறம் தூசியைச் சேர்த்துக்கொண்டு முன்னைவிடப் பலமாகத் திரும்பி வரும். புது பெல்ட் ஒன்று வாங்கியும் வைத்திருந்தார், டிக்கியில் பத்திரமாக.

அந்தப் பழைய பெல்ட் அறுந்துபோக நல்ல நாள் பார்த்தது. சம்பந்தி முதல்முதலாக வீட்டுக்கு வந்த அன்றைக்கு அறுந்தது.

சம்பந்தி இராமச்சந்திரன் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர். அவருடைய ஒரே மகள் சாந்தினி, சுப்பிரமணியின் மகன் பாஸ்கரை ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டாள். அன்றோடு மகளிடம் பேச்சை நிறுத்தியவர், இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் நிறைமாதம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பெண்ணின் அம்மாவுக்கு முட்டிவலி, பஸ் ஏற முடியாது. அழுது அடம்பிடித்துப் புருஷனை அனுப்பியிருந்தாள். பாஸ்கருக்கு ஒரகடத்தில் பகல் ஷிப்ட். இருந்தால் இன்னும் சங்கடம் என்று அவனும் போய்விட்டான்.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. சாப்பிடலாம் என்று ஜெயமணி கூப்பிட்டதற்கு, நேரமாகிறது, கிளம்பணும் என்றதோடு சரி. விடிந்ததிலிருந்து அவள் ஆக்கிய சோறும் குழம்பும் வடை பாயசமும் மூடியபடி இருந்தன. ஒரு வீட்டில் கை நனைக்கவில்லை என்றால் அந்த உறவை ஏற்கவில்லை என்று அர்த்தம். அதைச் சின்னக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த மனுஷன் இன்றைக்கு ஒரு வாய் சாப்பிடாமல் போனால் இனி எந்தக் காலத்திலும் இந்தப் படி ஏற மாட்டார், பிறக்கிற பிள்ளை ரெண்டு வீட்டுக்கும் நடுவில் தவிக்கும் என்று சுப்பிரமணி பயந்தார். காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வயிற்றுப் பிள்ளைக்காரி பஸ்ஸில் குலுங்க வேண்டாமே என்று இராமச்சந்திரனும் மறுக்கவில்லை.

காரை எடுத்தார். கத்தியது, கத்தியது, பட்டென்று நின்றது கத்தல்.

பானெட்டைத் தூக்கிப் பார்க்க இராமச்சந்திரனும் இறங்கி வந்தார். கிழிந்து தொங்கிய பெல்ட்டை எடுத்து முகர்ந்தார்.

"இன்னாங்க இது, சாம்பிராணி போட்ட மாதிரி வாசனை வருது?"

சுப்பிரமணி குங்கிலியக் கதையை அசடு வழியச் சொன்னார். சம்பந்தியின் மீசை ஓரம் கொஞ்சம் அசைந்தது போலிருந்தது. சிரிப்பா, கேலியா, யார் கண்டது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஸ்பானர் எங்கே என்று கேட்டார்.

புது பெல்ட்டை எடுத்து வந்தார்கள். டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி உள்ளே தள்ளினார்கள். புல்லிகளின் மேல் பெல்ட்டை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். இனி டைனமோவை வெளியே நெம்பி, பெல்ட் இழுபட்டதும் போல்ட்டை முடுக்க வேண்டும். சுப்பிரமணி கம்பியால் நெம்பினார். இராமச்சந்திரன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு இன்னும், இன்னும் என்றார். தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டிய விரல் அது. தொய்வு என்றாலே அதற்கு ஆகாது. பெல்ட் கம்பி போல விறைத்து நின்றது.

"அவ்ளோ இறுக்கம் ஆவாதுங்க. கொஞ்சம் விட்டுக் குடுக்கணும். சும்மா முறுக்கிக்கினே இருந்தா உள்ள பேரிங்கு பூடும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது சுப்பிரமணியின் காதிலேயே விழுந்தது. இராமச்சந்திரனின் கை அப்படியே நின்றது. வாசற்படியில் நின்ற சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? பெல்ட்டைத்தான் சொன்னேன் என்றார் சுப்பிரமணி. அது இன்னும் மோசமாக இருந்தது.

இராமச்சந்திரனின் விரல் பெல்ட்டின் மேலேயே இருந்தது.

"பாவை இப்டித் தொய்ய வுட்டா பொடவ வராது. இத்தினி வருசமா இழுத்துக் கட்டியேதான் பயக்கம்" என்றார், எஞ்சினைப் பார்த்து.

பிறகு அவரே போல்ட்டைத் தளர்த்தி டைனமோவைக் கொஞ்சம் உள்ளே விட்டார். அமுக்கினார். பெல்ட் விரலுக்கு இடம் கொடுத்தது. போதுமா என்று கேட்டார். போதும் என்று சுப்பிரமணி தலையாட்டினார்.

சாவியைத் திருப்பினார். ஒரு கத்தல் இல்லை. எஞ்சின் சமர்த்தாக ஓடியது. இனி கிளம்ப வேண்டியதுதான், தடுக்க ஒரு சாக்கும் இல்லை. இன்னும் ஒரு பெல்ட் அறுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

சாந்தினி சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தாள். சொம்பில் மொண்டு ஊற்ற, இராமச்சந்திரன் அவள் முகத்தைப் பார்க்காமல் கருத்த கைகளை நீட்டினார். கருப்பு லேசில் போகவில்லை. அவள் மறுபடி குனிந்து மொள்ளும்போது அவர் பார்வை அவள் பாதங்களில் விழுந்தது.

"காலு இன்னா இப்டி வீங்கிக் கீது?"

அவள் ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"சாப்ட்டியா?"

"இல்ல நைனா."

"காலைலேர்ந்தா? ஏன்?"

"நீ தண்ணிகூட குடிக்கலியே. எனக்கு எப்டி எறங்கும்?"

இராமச்சந்திரன் ஈரக் கைகளோடு நின்றார். பிறகு அவள் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ குனியாத. போய் எலைய போடச் சொல்லு, நம்ம ரெண்டு பேருக்கும்."

சுப்பிரமணி எஞ்சினை நிறுத்தினார். கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் கிரீஸ் ஆனது.