கூரைக்கு ஏறிய ஒலி

தம்பி தன் புது இசைத்தொகுப்பை என் சமையலறையில்தான் முதலில் போட்டுக் காட்டினான். இரண்டாவது நிமிடத்தில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, பல்லு கூசுது. அந்த ஊசிச் சத்தத்த நிறுத்துங்க."

"எந்த ஊசி?" என்றான். கேலிக்குக் கேட்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வீட்டில் அவனுக்கு 'இரைச்சல்' என்று பெயர். லிஃப்ட், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்று எது உறுமினாலும் பதிவுசெய்து, கணினியில் இழுத்து நீட்டி, அதை இசை என்று வெளியிடுகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? கூடப் பிறந்த பாவத்துக்கு முதல் மூன்று தொகுப்புகளையும் முழுதாகக் கேட்டிருக்கிறேன். மூன்றாவது பிடித்தும் போயிற்று. அவனிடம் சொல்லவில்லை, தலைகால் புரியாமல் ஆடுவான். இந்த நான்காவதில் அந்த உறுமலுக்கு மேலே, தட்டில் ஆணியால் கீறுவதுபோல ஒரு கீச்சு, முதலிலிருந்து கடைசிவரை. வெளியீட்டாளர் சொக்கிப்போயிருந்தார். 'இதுவரை தரையில் ஊர்ந்த ஒலி, இப்போது கூரைக்கு ஏறிவிட்டது' என்று எழுதியிருந்தார். அந்த வரியைத் தம்பி எனக்குப் பத்துத் தடவையாவது படித்துக் காட்டியிருப்பான். வெள்ளிக்கிழமை வெளியீடு.

நான் பதினெட்டு வருடமாக மருத்துவமனையில் காது சோதிக்கிறவள். காதுக்கு எட்டாத சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது மனித சுபாவம். மற்றவர்கள் டி.வி.யில் செய்வதை இவன் இசையில் செய்திருக்கிறான்.

"நாளைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வா. காத செக் பண்ணிடலாம்."

"நாலு வருஷ உழைப்பு, அக்கா. நான் வளர்ந்திருக்கேன்னு இப்பதான் ஒருத்தர் சொல்றார். உனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடு."

"காது சரியா இருந்தா நானே நாலு பேருக்கு அனுப்பறேன்."

ஸ்பீக்கரின் வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "இல்லன்னா வெளியீட்ட நிறுத்திடறேன்," என்றான்.

சோதனை அறையில் அவனை உட்காரவைத்து ஹெட்ஃபோனை மாட்டினேன். "சத்தம் கேட்டா மட்டும் பட்டன அழுத்து. குத்துமதிப்பா அழுத்தாத."

"பரீட்சையிலகூட நான் அப்படி எழுதினதில்ல."

"அதான் மார்க்லயே தெரிஞ்சுதே," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவன் பட்டனை அழுத்தினால் என் மேசையில் ஒரு சின்ன விளக்கு எரியும். தாழ்ந்த ஒலிகளுக்கெல்லாம் எரிந்தது. மேலே போனேன். அங்கேயும் எரிந்தது. உச்சக் கீச்சை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் எரிந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தாளில் கோட்டை நேராக இழுத்தேன். இழுத்த பிறகுதான் உறைத்தது: இந்த வயதில் இவ்வளவு நல்ல காது யாருக்கும் இருக்காது.

அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

தப்பு என்னுடையது. ஒலிகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி விடவேண்டும், புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது அது. இன்றைக்கு இருந்த பதற்றத்தில் கடிகாரம் மாதிரி கொடுத்திருக்கிறேன். அவன் ஏமாற்றவில்லை. பாவம், முகத்தில் அவ்வளவு கவனம். தாளம் கிடைத்துவிட்டால் அவனுக்கு ஒலியே தேவையில்லை.

கருவியிலிருந்து கையை எடுத்தேன், ஒலி நின்றது. கட்டைவிரல் தட்டியது. விளக்கு எரிந்தது. மறுபடி தட்டியது, மறுபடி எரிந்தது. இந்தத் தாளை மடித்துக் கொடுத்தால் போதும், வெள்ளிக்கிழமை வெளியாகிவிடும். நாலு வருடம் அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியும். கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது.

இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னும் மூன்று முறை எரிந்தது.

அவன் கண்ணைத் திறந்து சிரித்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். ஒன்று, அப்புறம் மற்றொன்று. பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டான். விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.