முதல் சிவப்புக் கூரை

கூரை ஷீட் கடையில், கடைக்காரி ஜெஸிந்தா நான்கு மாதிரித் துண்டுகளை மேசையில் பரப்பினாள். சாம்பல், பச்சை, நீலம், சிவப்பு. வாசுகி யோசிக்கவே இல்லை. சிவப்பின் மேல் விரலை வைத்தாள்.

"வேண்டாம் புள்ள," என்றார் கணவர் பாலு. "பச்சை போட்டா தேயிலைக்குள்ள கண்ணுக்கே தெரியாது."

"தெரியணும்னுதானுங்க கேக்குறேன்."

ஜெஸிந்தா சிரித்தாள். "எல்லாம் ஒரே தடிமன்தான் அண்ணா. சிவப்புன்னா ஒழுகவா போகுது?"

பாலுவின் பயம் வேறு. அவர்கள் வேலை செய்யும் எஸ்டேட்டில் சிவப்புக் கூரை ஒன்றே ஒன்றுதான், மேனேஜர் பங்களா. தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளின் தகரக் கூரைக்குக் கறுப்புத் தார்தான். அப்படியொரு சட்டம் கிடையாது, மீறியவரும் கிடையாது. ஒவ்வொரு சித்திரையிலும் பங்களாக் கூரையின் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூச லைனிலிருந்துதான் ஆள் போகும். வாசுகி பதினைந்து வருடம் கீழே நின்று ஏணி பிடித்திருக்கிறாள். ஒருமுறை, மிஞ்சிய பெயிண்டில் ஒரு சிரட்டை கேட்டாள், தன் வீட்டுக் கதவுக்கு.

"கதவுக்குச் சிவப்பா? அதென்ன தொரை ஊடா?" என்றார் சூப்பர்வைசர் வேலன். ஏணியில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

இப்போது எஸ்டேட்டுக்கு வெளியே, மேல் ரோட்டோரம், அவர்கள் பெயரில் இரண்டு சென்ட் நிலம். சுவர் எழும்பிவிட்டது. கூரைதான் பாக்கி.

"சிவப்பே குடுங்கக்கா," என்றாள் வாசுகி.

மழைக்கு முன்னால் கூரை ஏறிவிட்டது. ஒரு ஞாயிறு மதியம், நல்ல பனிமூட்டம். வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நின்று ஹாரன் அடித்தது. ஒரு அம்மா இறங்கினார்.

"மேனேஜர் இருக்காரா? மூணாவது வளைவு தாண்டினா சிவப்புக் கூரைன்னு சொன்னாங்க."

"பங்களா இன்னும் கீழ போகணுமுங்க. இது என்ர ஊடு."

அந்த மாதம் மேலும் மூன்று கார்கள் வந்தன. ஒருவர் பெட்டியையே இறக்கிவிட்டார்.

மாதக் கடைசியில் ஜீப்பில் வேலன் வந்தார். இரண்டு டின் பச்சை பெயிண்டை வாசற்படியில் வைத்தார்.

"கூரைக்கு அடிக்க எஸ்டேட்டே குடுக்குது. ஆளும் நாங்களே அனுப்பறோம். நீ சும்மா இருந்தாப் போதும்."

"வாங்கிக்கோ புள்ள, எதுக்கு வம்பு?" என்றார் பாலு.

வேலனிடம் வாசுகி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அன்னிக்கு ஒரு சிரட்டை கேட்டேனுங்க, இல்லைன்னீங்க. இன்னிக்கு ரெண்டு டின்னு தானா வருது."

"பழைய கதையை விடு. வர்றவங்களுக்கு வழி தெரியலையே!"

"வழிக்கு போர்டு வைங்க. என்ர கூரைமேல எதுக்குங்க கை வைக்கிறீங்க?"

"நாளைக்கு வேலைக்கு வரணுமல்ல நீ?"

"வருவனுங்க. கொழுந்து பறிக்க வருவேன். ஏணி பிடிக்க மட்டும் இனி வேற ஆளப் பாருங்க."

பாலு எழுந்து இரண்டு டின்களையும் தூக்கினார். உள்ளே கொண்டுபோகிறார் என்றுதான் வாசுகி நினைத்தாள். அவர் படியிறங்கிப் போய், ஜீப்பின் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தார்.

"மூடி லூசா இருக்குதுங்க," என்றார் வேலனிடம். "வளைவுல பாத்துப் போங்க."

மறுநாள் வாசுகி வேலைக்குப் போனாள். செங்குத்தான, அட்டை கடிக்கும் தேயிலைக் காட்டில் அவளை நிறுத்தினார்கள். அங்கிருந்து நிமிர்ந்தால் மேல் ரோட்டில் அவள் கூரை தெரிந்தது. அடிக்கடி நிமிர்ந்தாள்.

போர்டு எதுவும் வரவில்லை. ஆடி மாதம் ஒருநாள், ஃபேக்டரி கேட்டில் வாட்ச்மேன் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க சார், மூணாவது வளைவு. முதல்ல ஒரு சிவப்புக் கூரை வரும், அது வாசுகி ஊடு. அங்க நிக்காதீங்க. அதைத் தாண்டி ரெண்டாவது சிவப்புதான் பங்களா."

தலையில் கொழுந்து மூட்டையோடு நின்று, முழுவதும் கேட்டுவிட்டுத்தான் வாசுகி நகர்ந்தாள்.