மலைக்கு அடியில் போன ரயில்

கேஸ்கேடு மலையில், பழைய சுரங்கத்தின் வாயை ஒட்டி ஆல்டன் என்று ஓர் ஊர் இருந்தது. மேடேறும் ரயிலுக்குக் கூடுதல் எஞ்சின் மாட்டுவதும், தண்டவாளத்தில் பனி வாருவதும்தான் அங்கே பிழைப்பு. ராக்னா ட்வெய்ட் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தாள். கீழே வெந்நீர் ஊற்று விடுதியில் நான் துணி வெளுத்தேன். ஞாயிற்றுக்கிழமை குளிக்க வருவாள்; அப்படித்தான் பழக்கம்.

பனிச்சரிவுக்குப் பயந்த ரயில் கம்பெனி, மலையின் அடிவாரத்தில் புதுச் சுரங்கம் வெட்டத் தொடங்கியது. அது முடிந்தால் ஆல்டனுக்கு ரயிலே வராது. ராக்னாவின் புருஷன் அய்வின்ட் அந்த வேலைக்கே போனான்.

"ஊருக்குக் குழி வெட்டுறவனுக்கு நானே ரொட்டி கட்டித் தரேன் பாரு, என்னைச் சொல்லணும்!" என்பாள்.

"நான் வெட்டலைன்னா வேற எவனாவது வெட்டுவான்" என்பான் அவன்.

1929 ஜனவரியில் சுரங்கம் திறந்தது. எல்லோரும் கதவு, ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு இறங்கினார்கள். ராக்னா அசையவில்லை. அய்வின்ட் எங்கள் விடுதியில் விறகு பிளக்கச் சேர்ந்தான். வாரம் ஒருமுறை பழைய தண்டவாளத்தில் நடந்துபோய், காப்பித்தூளும் உப்பும் வாசலில் வைத்துவிட்டு வருவான். அவள் உள்ளே கூப்பிடமாட்டாள்.

எஞ்சினுக்காகப் போட்ட பம்புதான் ஊருக்கும் தண்ணீர் தந்தது. கம்பெனி அதையும் கழற்றிப் போனது. குளிர்காலம் முடியும்வரை ராக்னா பனியை உருக்கிச் சமாளித்தாள். பனி கரைந்ததும் ஓடைக்கு இறங்கி வாளி சுமக்க வேண்டியதாயிற்று.

மே மாதம் அய்வின்ட் போனபோது பாதிச் சரிவில் உட்கார்ந்திருந்தாள். வாளி கவிழ்ந்து கிடந்தது.

"கொடு, நான் மொண்டுட்டு வரேன்."

"நாளைக்கு யாரு மொள்ளுவா?"

"நான்தான். இங்கயே இருந்துடறேன்."

அவள் அவனையே பார்த்தாள். "நீ இருந்து? எனக்கு ரெண்டு பேருக்குச் சமைக்க வராது. அம்பது பேருன்னா சொல்லு."

அன்று சாயங்காலமே இருவரும் இறங்கி வந்தார்கள். விடுதிச் சமையலறை அவள் கைக்கு வந்தது.

இலையுதிர்காலத்தில், ஆல்டனில் மிச்சமிருந்த வீடுகளுக்குக் கம்பெனி ஆட்கள் தீ வைத்தார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்தே புகை தெரிந்தது.

"காட்டுத்தீயாம்மா?" என்று ஒரு விருந்தாளி பயந்து எழுந்தார்.

"இல்லீங்க, பழைய மரக்கட்டைங்க. உக்காருங்க, சூப்பு ஆறுது" என்றாள் ராக்னா.